கடன் கொடுத்தது யார்? மாநிலச் சட்டத்தையும் ரிசர்வ் வங்கி விதியையும் பொருத்திப் படிக்க ஒரு வழிகாட்டி

சில வருடங்களுக்கு முன் ஒரு சட்ட உதவி முகாமில் உட்கார்ந்திருந்தபோது ஒரு அக்கா வந்தார். குழுக் கடன், இரண்டு தவணை பாக்கி. வசூலுக்கு வந்தவர்கள் ராத்திரி ஒன்பது மணி வரை வாசலில் உட்கார்ந்துகொண்டு, பக்கத்து வீடுகளுக்குக் கேட்கிற மாதிரி பேசியிருக்கிறார்கள். அவர் காவல் நிலையத்துக்குப் போனார். "இது ரிசர்வ் வங்கியில பதிவான கம்பெனிம்மா, நாங்க ஒண்ணும் செய்ய முடியாது" என்றார்கள். யாரோ கொடுத்த உதவி எண்ணுக்குக் கூப்பிட்டார். "மிரட்டல்னா போலீஸ்ல புகார் கொடுங்க" என்று அங்கே சொன்னார்கள். "நான் எங்கதான் தம்பி போறது?" என்று அவர் கேட்டதற்கு அன்றைக்கு எனக்கும் ஒழுங்காகப் பதில் தெரியவில்லை.

அதற்குப் பிறகு உட்கார்ந்து படித்ததைத்தான் இங்கே எழுதுகிறேன். புதிதாக வக்கீல் தொழிலுக்கு வந்தவர்கள், குழுக்களோடு வேலை செய்பவர்கள், சின்னதாக ஃபைனான்ஸ் தொழில் தொடங்க நினைப்பவர்கள், ஏதாவது ஒரு துறையில் சட்ட வரைவுக் கோப்பு முதல் முறையாக மேசைக்கு வந்தவர்கள், எல்லோருக்கும் கேள்வி ஒன்றுதான்: கடன், சீட்டு, டெபாசிட் பற்றி மாநிலம் ஒரு சட்டம் வைத்திருக்கிறது, தில்லியும் ஒன்று வைத்திருக்கிறது, இரண்டும் ஒரே ஆள் மேல் விழும்போது எது செல்லும்? படிப்படியாகப் போவோம். சில படிகள் சின்னவை, சிலவற்றில் கொஞ்ச நேரம் நிற்க வேண்டியிருக்கும்.

முதலில் அரசியலமைப்பின் ஏழாவது அட்டவணையைத் திறங்கள்

மூன்று பட்டியல்கள் இருக்கின்றன. ஒன்றியப் பட்டியலில் 38 ரிசர்வ் வங்கி, 43 வங்கி, காப்பீடு, நிதி நிறுவனங்கள் உள்ளிட்ட வணிக நிறுவனங்களை உருவாக்குவதும் ஒழுங்குபடுத்துவதும், 45 வங்கித் தொழில், 46 காசோலை, புரோநோட்டு போன்றவை, 47 காப்பீடு, 48 பங்குச் சந்தை. மாநிலப் பட்டியலில் 30: வட்டிக்குக் கடன் கொடுக்கும் தொழில், அதைச் செய்பவர்கள், விவசாயக் கடன் நிவாரணம். அதே பட்டியலில் 32-இல் கூட்டுறவுச் சங்கங்கள் வருகின்றன. பொதுப் பட்டியலில் 7: ஒப்பந்தங்கள். இந்த எண்களை ஒரு தாளில் எழுதிப் பக்கத்தில் வைத்துக்கொள்ளுங்கள், திரும்பத் திரும்பத் தேவைப்படும்.

பார்த்த உடனே சிக்கல் தெரிந்திருக்கும். கடன் கொடுப்பது மாநிலத்தின் பொருள், கடன் கொடுக்கிற நிறுவனத்தை ஒழுங்குபடுத்துவது ஒன்றியத்தின் பொருள், கடன் பத்திரம் புரோநோட்டாக இருந்தால் அதுவும் ஒன்றியத்தின் பொருள், அந்தக் கடன் ஒரு ஒப்பந்தம் என்று பார்த்தால் இருவருக்கும் பொதுவானது. ஒரே தாள் மூன்று பட்டியலிலும் கால் வைக்கிறது.

இது இன்று வந்த சிக்கலும் இல்லை. 1938-இல் ராஜாஜி தலைமையிலான சென்னை மாகாண அரசு விவசாயிகள் கடன் நிவாரணச் சட்டம் கொண்டுவந்தபோது, புரோநோட்டு மத்திய அரசின் பொருளாயிற்றே, மாகாணம் எப்படிக் கை வைக்கலாம் என்ற வாதம் கூட்டாட்சி நீதிமன்றம் வரைக்கும் போனது. வங்காளத்தின் 1940 வட்டிக்கடைச் சட்டத்தை எதிர்த்து குல்னா ஊர் வங்கி ஒன்று போட்ட வழக்கில் 1947-இல் லண்டனில் இருந்த, அன்றைய கடைசி மேல்முறையீட்டு மன்றமான பிரிவி கவுன்சில் ஒரு வழி காட்டியது. சட்டத்தின் சாரம் எதைப் பற்றியது என்று பார், அது வட்டித் தொழிலைப் பற்றியது என்றால், போகிற போக்கில் புரோநோட்டைத் தொட்டதற்காக அது செல்லாமல் போகாது என்றது. இந்தச் 'சாரம் பார்க்கும்' முறையைத்தான் இன்றைக்கும் நீதிமன்றங்கள் கையில் எடுக்கின்றன. நீங்களும் எந்த மாநிலச் சட்டத்தைப் படித்தாலும், தலைப்பை விட்டுவிட்டு, அது உண்மையில் யாரிடம் என்ன செய்யச் சொல்கிறது என்பதை இரண்டு வரியில் எழுதிப் பாருங்கள்.

அடுத்து, கடன் கொடுத்தவர் யார் என்று கண்டுபிடியுங்கள்

என்னைக் கேட்டால் இதுதான் எல்லாவற்றிலும் முக்கியமான படி. புதிதாக வருபவர்கள் வட்டி எவ்வளவு என்பதிலிருந்து ஆரம்பிக்கிறார்கள். அப்படி ஆரம்பித்தால் வழி தவறிவிடும். கொடுத்தவர் யார் என்று தெரிந்தால் பாதி விடை கிடைத்துவிடும். ரசீது, கடன் அட்டை, ஒப்பந்தத்தின் முதல் பக்கம், பணம் வந்த வங்கிக் கணக்கின் பெயர், இவற்றைப் பாருங்கள். கடையின் பெயர்ப் பலகையை மட்டும் நம்பாதீர்கள்.

வங்கி என்றால் வங்கி ஒழுங்குமுறைச் சட்டம், 1949. மாநில வட்டிக்கடைச் சட்டம் அங்கே வராது. தமிழ்நாட்டின் 1957 வட்டிக்குக் கடன் கொடுப்போர் சட்டமே தன் வரையறையில் வங்கியையும் கூட்டுறவுச் சங்கத்தையும் வெளியே வைத்துவிட்டது.

கம்பெனியாகப் பதிவாகி, வங்கியாக இல்லாமல் கடன் கொடுப்பதே தொழில் என்றால் அது வங்கி சாரா நிதி நிறுவனம், சுருக்கமாக இனி 'நிதிக் கம்பெனி' என்கிறேன். ரிசர்வ் வங்கிச் சட்டம் 1934-இன் 45-ஐ.ஏ பிரிவுப்படி பதிவுச் சான்றிதழ் இல்லாமல் அந்தத் தொழிலைத் தொடங்கவே முடியாது. மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்களில் பெரியவை, தங்க நகைக் கடன் கொடுக்கும் பெரிய கம்பெனிகள், வண்டிக் கடன் கம்பெனிகள் பலவும் இந்த வகை. பதிவான நிறுவனங்களின் பட்டியல் ரிசர்வ் வங்கியின் இணையதளத்தில் இருக்கிறது. பெயரை எழுத்துக்கு எழுத்து ஒப்பிடுங்கள், ஏனென்றால் ஒரு சொல் மட்டும் மாறிய பெயரில் வேறொரு நிறுவனம் இருக்கும்.

கூட்டாளிகள் சேர்ந்து நடத்தும் ஃபைனான்ஸ், கரூர், நாமக்கல் பக்கமெல்லாம் நிறையப் பார்க்கலாம். இவை கம்பெனி இல்லை, அதனால் 45-ஐ.ஏ இவற்றைத் தொடாது. மாநிலத்தின் வட்டிச் சட்டம்தான், உரிமம் தாசில்தாரிடம். ஆனால் இன்னொரு பக்கம் ஒன்றியச் சட்டமும் இவர்களைப் பிடிக்கும்: 45-எஸ் பிரிவுப்படி கடன் கொடுக்கும் தொழில் செய்யும் தனி ஆளோ கூட்டு நிறுவனமோ பொதுமக்களிடம் டெபாசிட் வாங்கக் கூடாது. கூட்டு ஃபைனான்ஸ் தொடங்க நினைக்கும் தம்பிகள் பலருக்கு இந்தப் பிரிவு தெரியாது. தெரிந்தவர், சொந்தக்காரர் என்று வட்டிக்குப் பணம் வாங்கிப் போட ஆரம்பிக்கிறார்கள். நெருங்கிய உறவினர் என்று சட்டம் பட்டியலிட்டவர்களிடம் கடனாக வாங்குவது வேறு, ஊரில் நாலு பேரிடம் டெபாசிட் சேர்ப்பது வேறு. அந்தக் கோட்டைத் தாண்டாதீர்கள்.

அடகுக் கடை என்றால் 1943-ஆம் வருடத்து அடகுக் கடைக்காரர் சட்டம். அதே தெருவில், அதே நகையை வாங்கிக்கொண்டு கடன் கொடுக்கும் நிதிக் கம்பெனிக் கிளைக்கு ரிசர்வ் வங்கி விதி. இரண்டு கடைக்கும் நடுவே ஒரு சுவர்தான் இருக்கும், சட்டம் மட்டும் வேறு.

'நிதி' என்று முடியும் பெயர்கள் இன்னொரு வகை. 1872-இல் தொடங்கிய மயிலாப்பூர் இந்து பெர்மனென்ட் ஃபண்ட் மாதிரி, உறுப்பினர்களிடம் மட்டுமே வாங்கி உறுப்பினர்களுக்கு மட்டுமே கொடுக்கும் அமைப்பு. இவை கம்பெனிச் சட்டத்தின் 406-ஆம் பிரிவிலும் 2014 நிதி விதிகளிலும் வருகின்றன, அதாவது ஒன்றியத்தின் கம்பெனி விவகார அமைச்சகம்.

கூட்டுறவு வங்கிக்கு இரண்டு எஜமானர்கள். சங்கத்தைப் பதிவு செய்வதும், தேர்தலும், தமிழ்நாடு கூட்டுறவுச் சங்கங்கள் சட்டம் 1983-இல். வங்கித் தொழில் ரிசர்வ் வங்கியிடம், 2020 திருத்தத்துக்குப் பிறகு அதன் பிடி இன்னும் இறுகியது. ஆனால் ஊரில் இருக்கும் தொடக்க வேளாண்மைக் கூட்டுறவுக் கடன் சங்கம் வங்கி ஒழுங்குமுறைச் சட்டத்துக்கு வெளியே நிற்கிறது. வங்கி டெபாசிட்டுக்கு உள்ள 5 லட்சம் ரூபாய் காப்பீடு அதற்குக் கிடையாது. இதை யாராவது கேட்டால் மறைக்காமல் சொல்லுங்கள்.

ஒன்றியச் சட்டத்தில் 'வேறு எந்தச் சட்டத்தில் எது இருந்தாலும்' என்று தொடங்கும் பிரிவைத் தேடுங்கள்

ரிசர்வ் வங்கிச் சட்டத்தின் III-பி அத்தியாயத்தில் அது 45-க்யூ. அந்த அத்தியாயத்தோடு முரண்படும் வேறு சட்டம் எதுவாக இருந்தாலும் இதுவே மேலோங்கும் என்கிறது. 2019-இன் முறைப்படுத்தப்படாத டெபாசிட் திட்டங்கள் தடைச் சட்டத்தில் அது 34-ஆம் பிரிவு, மாநிலச் சட்டங்களையும் பெயர் சொல்லியே சேர்த்துக்கொள்கிறது. இந்த மாதிரிப் பிரிவைக் கண்டுபிடித்து அடிக்கோடு போட்டுவிட்டுத்தான் மாநிலச் சட்டத்துக்குத் திரும்ப வேண்டும்.

இதன் எடை 2022 மே 10 அன்று வந்த நெடும்பிள்ளி ஃபைனான்ஸ் வழக்குத் தீர்ப்பில் தெரிந்தது. கேரளாவின் 1958 வட்டிக்கடைச் சட்டம் நிதிக் கம்பெனிகளுக்கும் பொருந்தும் என்று கேரள உயர் நீதிமன்றம் சொல்லியிருந்தது. குஜராத் உயர் நீதிமன்றமோ தன் மாநிலத்தின் 2011 சட்டம் பொருந்தாது என்றது. இரண்டும் உச்ச நீதிமன்றத்துக்குப் போயின. நீதிபதி வி. ராமசுப்பிரமணியன், நம்ம ஊர்க்காரர், எழுதிய தீர்ப்பு: பதிவு, நிகர நிதி, கணக்கு, ஆய்வு, நிர்வாகத்தை மாற்றுவது, மூடுவது என்று ஒரு நிதிக் கம்பெனியின் பிறப்பு முதல் இறப்பு வரை ரிசர்வ் வங்கி பார்த்துக்கொள்கிறது, அந்த அத்தியாயம் தன்னளவில் முழுமையான சட்டத் தொகுப்பு, ஆகவே ரிசர்வ் வங்கியில் பதிவான நிதிக் கம்பெனிக்கு அந்த இரண்டு மாநிலச் சட்டங்களும் பொருந்தாது.

ஒன்றைக் கவனியுங்கள். தீர்ப்பு நேரடியாகப் பேசியது அந்த இரண்டு சட்டங்களைப் பற்றி. மற்ற மாநிலங்களில் அதே வாதத்தை எடுத்து வைக்கிறார்கள், பெரும்பாலும் அது எடுபடும். ஆனாலும் உங்கள் கையில் உள்ள மாநிலச் சட்டத்தின் பிரிவுகளைத் தனியாகப் படிக்காமல் 'நெடும்பிள்ளி வந்துவிட்டது, மாநிலச் சட்டம் எதுவும் இனி கிடையாது' என்று முடிவு கட்டுவது சோம்பேறித்தனம். அந்த அக்காவைக் காவல் நிலையத்திலிருந்து திருப்பி அனுப்பியதும் இந்த மாதிரி அவசர முடிவுதான்.

ஒரு தாளில் நாலு கட்டம் போடுங்கள்

இது எனக்கு மிகவும் கைகொடுத்த முறை, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். மாநிலச் சட்டத்தின் ஒவ்வொரு பிரிவையும் எடுத்து, அது நாலில் எதைச் செய்கிறது என்று பிரியுங்கள்: தொழில் செய்ய அனுமதி கேட்கிறதா, விலை அதாவது வட்டியை நிர்ணயிக்கிறதா, நடத்தையைக் கட்டுப்படுத்துகிறதா, ஏமாந்த பணத்தை மீட்டுக் கொடுக்கிறதா.

முதல் இரண்டு கட்டத்தில் விழும் பிரிவுகள், ரிசர்வ் வங்கியில் பதிவான நிறுவனத்தின் மேல் பாயும்போது அனேகமாக உடைந்துவிடும். ஏற்கெனவே ஒருவர் அனுமதி கொடுத்துவிட்ட தொழிலுக்கு இன்னொருவர் அனுமதி மறுக்க முடியாது என்பதே காரணம். கடைசி இரண்டு கட்டங்களில் விழுபவை அப்படி எளிதில் உடைவதில்லை.

இதற்கு எடுத்துக்காட்டு நம்மிடமே இருக்கிறது. தமிழ்நாடு முதலீட்டாளர் நலன் பாதுகாப்புச் சட்டம், 1997. தொண்ணூறுகளில் ஊருக்கு ஊர் பெனிஃபிட் ஃபண்ட், ஃபைனான்ஸ் என்று திறந்து, பென்ஷன் பணத்தையும் கல்யாணத்துக்குச் சேர்த்த பணத்தையும் வாங்கிக்கொண்டு ஷட்டரை இறக்கிவிட்டுப் போனார்களே, அந்தக் காலத்தில் வந்தது. டெபாசிட்டைத் திருப்பித் தராதவரின் சொத்தை அரசு முடக்கும், தனி நீதிமன்றம் விசாரிக்கும், பத்து வருடம் வரை சிறை. டெபாசிட் பற்றி ரிசர்வ் வங்கிச் சட்டமும் கம்பெனிச் சட்டமும் இருக்கும்போது மாநிலம் எப்படி இதைச் செய்யலாம் என்று எதிர்த்தார்கள். 2011 மார்ச்சில் பாஸ்கரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. இது யாருக்கும் வங்கி உரிமம் தருவதோ மறுப்பதோ இல்லை, ஏமாந்த மக்களின் பணத்தை மீட்கிறது, அது மாநிலத்தின் எல்லைக்குள் வரும் பொருள்தான். இதே போன்ற மகாராஷ்டிரச் சட்டத்தை பம்பாய் உயர் நீதிமன்றம் ரத்து செய்திருந்தது, சென்னை உயர் நீதிமன்றமோ நம் சட்டத்தை நிலைநிறுத்தியிருந்தது. உச்ச நீதிமன்றம் சென்னையின் பக்கம் நின்றது.

இந்தத் தீர்ப்பையும் நெடும்பிள்ளியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒரு தடவை படியுங்கள். புதியவர்களுக்கு நான் வீட்டுப் பாடமாகக் கொடுப்பது இதைத்தான்.

2003-இன் அதீத வட்டி வசூல் தடைச் சட்டத்தையும் இதே கட்டத்தில் போட்டுப் பாருங்கள். நாள் வட்டி, மணி வட்டி, கந்து வட்டி, மீட்டர் வட்டி, தண்டல் என்று ஊரில் பேசுகிற சொற்களையே எடுத்து வரையறுத்த சட்டம் அது. மூன்று வருடம் வரை சிறை, 30,000 ரூபாய் வரை அபராதம். அதில் வட்டி உச்சவரம்பு இரண்டாம் கட்டம். தனி ஆள், கூட்டு ஃபைனான்ஸ், தண்டல்காரர் மேல் தாராளமாகப் பயன்படுத்தலாம். பதிவான நிதிக் கம்பெனி மேல் போட்டால் நெடும்பிள்ளித் தீர்ப்பை நீட்டுவார்கள், அதற்குத் தயாராக இருங்கள்.

பொதுப் பட்டியல் என்றால் தேதிகளைச் சரிபாருங்கள்

பொதுப் பட்டியலில் உள்ள பொருளில் இரண்டு சட்டமும் மோதினால் அரசியலமைப்பின் 254-ஆம் பிரிவு. ஒன்றியச் சட்டமே நிற்கும். மாநிலச் சட்டம் நிற்க வேண்டுமென்றால் அதைக் குடியரசுத் தலைவருக்கு அனுப்பி ஒப்புதல் வாங்கியிருக்க வேண்டும், அப்போதும் அந்த மாநிலத்துக்குள் மட்டும், அதையும் நாடாளுமன்றம் பின்னால் மாற்றலாம். ஆகவே சட்டத்தின் அரசிதழ் பிரதியில் ஆளுநர் ஒப்புதலா, குடியரசுத் தலைவர் ஒப்புதலா என்று முதல் வரியிலேயே பாருங்கள்.

சீட்டுக் கதை இதற்கு நல்ல பாடம். தமிழ்நாட்டுக்கு 1961-இலேயே ஒரு சீட்டுச் சட்டம் இருந்தது, கேரளாவுக்கு 1975-இல். 1982-இல் நாடாளுமன்றம் சீட்டு நிதிச் சட்டம் இயற்றியது, ஆனால் எந்தெந்த மாநிலத்தில் எப்போது நடைமுறைக்கு வரும் என்பதைப் பின்னால் அறிவிக்கலாம் என்று விட்டது. தமிழ்நாட்டில் 1984-இல் வந்தது, பழைய சட்டம் விலகிக்கொண்டது. கேரளாவில் வருடக்கணக்காக அறிவிப்பே இல்லை. அங்கே குரி, அதாவது சீட்டு, நடத்துபவர்கள் பலர் மாநிலச் சட்டத்திலிருந்து தப்பிக்க வெளி மாநிலத்தில் பதிவு செய்துகொண்டு கேரளாவில் ஆள் சேர்த்தார்கள். அதைப் பிடிக்க 2002-இல் கேரளா ஒரு திருத்தம் போட்டது. குடியரசுத் தலைவர் ஒப்புதல் வாங்கவில்லை. நம் மண்ணில்தான் ஒன்றியச் சட்டம் நடைமுறையிலேயே இல்லையே, முரண்பாடு எங்கிருந்து வரும் என்று அரசு வாதாடியது. மார் அப்ரேம் குரி வழக்கில் 2012 மே மாதம் அரசியல் சாசன அமர்வு சொன்னது: முரண்பாட்டைப் பார்க்க வேண்டியது ஒன்றியச் சட்டம் இயற்றப்பட்ட நாளிலிருந்து, நடைமுறைக்கு வந்த நாளிலிருந்து இல்லை. திருத்தம் போனது.

திருத்தத்தின் நோக்கம் நல்லது, மக்கள் பணத்தைக் காப்பாற்றத்தான் போட்டார்கள். ஒரு ஒப்புதல் கடிதம் இல்லாததால் விழுந்தது. வரைவு எழுதுகிறவர்கள் இதை மறக்கவே கூடாது.

அப்புறம், சீட்டு ஒன்றியச் சட்டம் என்பதால் புகாரைத் தில்லிக்கு அனுப்ப வேண்டுமோ என்று குழம்ப வேண்டாம். சட்டம் அங்கே, கை இங்கே. முன் அனுமதியும் பதிவும் மாநிலப் பதிவுத்துறையிடம், தகராறும் சீட்டுப் பதிவாளரிடம். 2019 திருத்தம் நடத்துபவரின் கமிஷனை 5-லிருந்து 7 சதவீதமாக்கியது, தனி ஆள் நடத்தக்கூடிய சீட்டின் வரம்பை 1 லட்சத்திலிருந்து 3 லட்சமாக்கியது.

மாநிலம் அவசரத்தில் சட்டம் போட்டால் என்ன ஆகும் என்பதைத் தெரிந்துகொள்ளுங்கள்

2010 அக்டோபரில் ஆந்திரா. குழுக் கடன் கட்ட முடியாமல் தற்கொலைகள் என்று செய்திகள் வர, அரசு அவசரச் சட்டம் கொண்டுவந்தது. மைக்ரோ ஃபைனான்ஸ் நிறுவனங்கள் மாவட்டம் மாவட்டமாகப் பதிவு செய்ய வேண்டும், வாரத் தவணை கூடாது, பொது இடத்தில்தான் வசூல், இரண்டாவது கடனுக்கு முன் அனுமதி. நோக்கத்தை நான் குறை சொல்லவே மாட்டேன், வாசலில் நடந்த கொடுமைகளுக்கு அப்போது வேறு யாரும் பதில் சொல்லவில்லை. ஆனால் நம் நாலு கட்டத்தில் பார்த்தால் அந்தச் சட்டம் நடத்தையோடு சேர்த்து அனுமதியையும் கையில் எடுத்துக்கொண்டது. வசூல் சரிந்தது, வங்கிகள் அந்த நிறுவனங்களுக்குப் பணம் கொடுப்பதை நிறுத்தின, ஒழுங்காகக் கட்டிக்கொண்டிருந்த பெண்களுக்கும் புதுக் கடன் கிடைக்காமல் போனது.

அதே சமயம் அந்த அதிர்ச்சியில்தான் ரிசர்வ் வங்கி விழித்தது. அது அமைத்த மாலேகம் குழு 2011 ஜனவரியில் அறிக்கை கொடுத்தது, அந்த வருடம் டிசம்பரில் மைக்ரோ ஃபைனான்ஸுக்கென்று தனி வகை நிதிக் கம்பெனி உருவானது. 2022 மார்ச்சில் விதிகள் மறுபடி எழுதப்பட்டன: ஆண்டு வருமானம் 3 லட்சம் வரை உள்ள குடும்பத்துக்குப் பிணை இல்லாமல் கொடுப்பது மைக்ரோ ஃபைனான்ஸ் கடன், குடும்பத்தின் எல்லாத் தவணையும் சேர்ந்து மாத வருமானத்தில் பாதியைத் தாண்டக் கூடாது, இரு தரப்பும் ஒத்துக்கொண்ட இடத்தில்தான் வசூல், கடன் வாங்கியவர் அடுத்தடுத்து இரண்டு முறையோ அதற்கு மேலோ அங்கே வராமல் போனால்தான் வீட்டுக்கு வரலாம், காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் அழைக்கக் கூடாது. மாநிலம் போட்ட சத்தம் ஒன்றிய விதியை மாற்றியது என்றே நான் இதைப் படிக்கிறேன். 2023 பிப்ரவரியில் தெலங்கானா உயர் நீதிமன்றம், நெடும்பிள்ளியைப் பின்பற்றி, பதிவான நிதிக் கம்பெனிகளுக்கு, மாநிலம் பிரிவதற்கு முன் ஆந்திரா போட்ட அந்தச் சட்டம் பொருந்தாது என்றது.

2025-இல் கர்நாடகாவும் தமிழ்நாடும் போட்ட சட்டங்களின் தலைப்பிலேயே வித்தியாசம் தெரியும். இரண்டுமே 'கட்டாய நடவடிக்கைத் தடுப்பு' என்ற பெயரில் வந்தன, அதாவது நடத்தைக் கட்டத்தை முன்னால் வைத்தவை. இவற்றைப் படிக்கும்போது விலக்குப் பிரிவை முதலில் படியுங்கள். எந்த நிறுவனம் எந்தப் பிரிவிலிருந்து மட்டும் விலக்கு பெறுகிறது என்பதைச் சொல் சொல்லாகப் பாருங்கள். முழுச் சட்டத்திலிருந்து விலக்கு என்பதும், பதிவுக் கடமையிலிருந்து மட்டும் விலக்கு என்பதும் ஒன்றில்லை.

வரைவு உங்கள் மேசைக்கு வந்தால்

சுருக்கமாகச் சொல்கிறேன். ரிசர்வ் வங்கியில் பதிவானவர்களை அனுமதிப் பிரிவிலிருந்தும் வட்டி வரம்பிலிருந்தும் வெளியே வையுங்கள், ஆனால் மிரட்டல், ஆவணங்களைப் பிடுங்கி வைத்தல், வீட்டு வாசலில் உட்காருதல் பற்றிய குற்றப் பிரிவுகள் 'எந்த நபரும்' என்று தொடங்கட்டும். வசூல் நேரம், இடம் போன்றவற்றை ரிசர்வ் வங்கி விதியில் உள்ளபடியே எழுதுங்கள், 6 மணி என்று அங்கே இருக்க நீங்கள் 7 மணி என்று போட்டால் வசூல்காரர் தனக்கு வசதியானதைக் காட்டுவார். ஒன்றிய விதி மாறினால் சட்டத்தைத் திருத்தாமல் அறிவிக்கை மூலமே மாற்ற வழி வையுங்கள். பொதுப் பட்டியலைத் தொடும் ஒரு பிரிவு இருந்தாலும் குடியரசுத் தலைவர் ஒப்புதலுக்கு அனுப்பச் சொல்லிக் கோப்பில் குறிப்பு எழுதுங்கள். மாநிலமும் ரிசர்வ் வங்கியும் காவல்துறையும் ஒன்றாக உட்காரும் மாநில அளவிலான ஒருங்கிணைப்புக் குழு ஒன்று ஏற்கெனவே இருக்கிறது, வரைவை அங்கே ஒரு தடவை வைத்துக் கருத்துக் கேட்பது பின்னால் வரும் பல வழக்குகளை மிச்சப்படுத்தும்.

புகார் எழுதும்போது இரண்டாகப் பிரியுங்கள்

எல்லாவற்றையும் ஒரே மனுவில் கொட்டுவதுதான் வழக்கமாக நடக்கிற தவறு. வட்டி அதிகம், ரசீது தரவில்லை, கெட்ட வார்த்தையில் திட்டினார்கள், இரவில் வந்தார்கள் என்று ஒரே தாளில் இருந்தால், வாங்குகிற ஒவ்வொருவரும் தன் பங்கு இல்லாத பகுதியைக் காட்டித் திருப்பி அனுப்பிவிடுவார்.

கொடுத்தவர் பதிவான நிதிக் கம்பெனி என்றால், வட்டிக் கணக்கு, ரசீது, வசூல் நேர விதிமீறல் எல்லாம் ஒரு மனு. முதலில் கம்பெனியின் குறைதீர்ப்பு அலுவலருக்கு எழுத்தில் கொடுங்கள். 30 நாளில் பதில் இல்லை, அல்லது பதில் சரியில்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு. 14448 என்ற எண்ணில் வழி கேட்கலாம், கட்டணம் கிடையாது. மிரட்டல் மட்டும் தனி மனு, காவல் நிலையத்துக்கு. அதில் கம்பெனி பெயரைவிட வந்த ஆளின் பெயர், தேதி, மணி, சொன்ன வார்த்தை, பார்த்த சாட்சி முக்கியம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 351-ஆம் பிரிவு குற்ற மிரட்டல், அதைச் செய்தவர் எந்தக் கம்பெனி ஊழியர் என்பது அங்கே கேள்வியே இல்லை. சி.எஸ்.ஆர்., அதாவது புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான ரசீது, வாங்காமல் வெளியே வராதீர்கள்.

கொடுத்தவர் தனி ஆள் அல்லது கூட்டு ஃபைனான்ஸ் என்றால் 2003 சட்டத்தைக் குறிப்பிட்டுக் காவல் நிலையத்தில், ஒரு நகல் தாசில்தாருக்கு, உரிமம் இருக்கிறதா என்று கேட்டு. டெபாசிட் போட்டு ஏமாந்திருந்தால் பொருளாதாரக் குற்றப் பிரிவு, கூடவே ரிசர்வ் வங்கி நடத்தும் 'சசேத்' தளத்திலும் பதியலாம். செல்போன் ஆப் என்றால், பணம் எந்தக் கணக்கிலிருந்து வந்தது என்று பாருங்கள். ரிசர்வ் வங்கியின் டிஜிட்டல் கடன் விதிப்படி வங்கியோ நிதிக் கம்பெனியோ நேரடியாக உங்கள் கணக்கில் போட்டிருக்க வேண்டும், நடுவில் வேறு கணக்கு வழியாக வந்திருந்தால் அந்தக் கணக்கு விவர நகலே உங்கள் முதல் ஆதாரம்.

அந்த அக்கா மறுபடி வந்தபோது இப்படித்தான் செய்தோம். கடன் அட்டையின் பின்பக்கத்தில் சின்ன எழுத்தில் கம்பெனியின் முழுப் பெயர் இருந்தது. இரண்டு தாள் எழுதினோம், ஒன்றில் 'வட்டி' என்ற சொல்லே இல்லை, இன்னொன்றில் 'மிரட்டல்' என்ற சொல்லே இல்லை. காவல் நிலையத்தில் இந்தத் தடவை மனுவைப் படித்தவர் தலையை நிமிர்த்தி, "வந்தவன் பேர் என்னம்மா?" என்று கேட்டார்.